நரகத்துக்கு ஒரு முகவரி

பேரணாம்பட்டில் மசூதிப் பயானில் ஜஹன்னம் என்பார்கள், சர்ச் பிரசங்கத்தில் நரகம் என்பார்கள். ரெண்டும் ஒரே இடம்தான். மத நல்லிணக்கத்துக்காகச் சொல்லவில்லை, வார்த்தையின் பூர்வீகமே அப்படி.

ஜெருசலேம் பழைய நகரத்துக்குத் தெற்கே இன்னோம் பள்ளத்தாக்கு இருக்கிறது. எபிரேயத்தில் கே-ஹின்னோம். அது கிரேக்கத்தில் கெஹென்னா, அரபியில் ஜஹன்னம். இன்றைக்கும் நடந்தே போய்ப் பார்க்கலாம்.

எபிரேய பைபிளின் பழைய பகுதிகளில் இந்த எரியும் நரகம் கிடையாது. ஷியோல் என்று ஒன்றுதான் உண்டு. மண்ணுக்கடியில், இருட்டாக, சத்தமே இல்லாத இடம். நல்லவன், கெட்டவன் எல்லோரும் அங்கேதான் போகணும். மகனை இழந்துவிட்டதாக நினைத்த யாக்கோபு, துக்கத்தோடு தானும் அங்கேயே இறங்குவதாகச் சொல்கிறார். தமிழ் பைபிளில் அது பாதாளம். ஆனால் 9ஆம் சங்கீதத்தில் துன்மார்க்கர் போகும் இடமாக அதே ஷியோல் வரும்போது, பழைய மொழிபெயர்ப்பு நரகம் என்று போட்டுவிட்டது. தமிழில் படிப்பவருக்கு இரண்டும் ஒரே சொல் என்று தெரிய வழியே இல்லை!

நரகம் என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. இந்து, பௌத்த, சமண மரபுகளில் நரகத்துக்குக் கெடு உண்டு. வினை தீர்ந்ததும் மறுபிறவி. கிறிஸ்தவப் பிரசங்கத்தில் அதே சொல்லுக்கு முடிவே இல்லாத தீ என்று அர்த்தம். (திருக்குறளின் அளறோ சேறு. தீ இல்லை.)

சரி, ஒரு பள்ளத்தாக்கு எப்படி நரகமாச்சு? ஊர்க்குப்பையைக் கொட்டி எரித்துக்கொண்டே இருந்த இடம் என்று பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்கள். டேனரிக் கழிவு மேட்டின் நாற்றம் தெரிந்த எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அது சட்டென்று பிடிபடும். ஆனால் அந்தக் கதையை முதலில் எழுதியவர் டேவிட் கிம்ஹி, சுமார் கி.பி. 1200இல். அகழாய்வில் அப்படி எரிந்த குப்பைமேடு கிடைக்கவில்லை. பைபிள் சொல்லும் காரணம் இன்னும் கொடூரமானது. மோளேகு என்ற தெய்வத்துக்குப் பிள்ளைகளைத் தீயில் கொடுத்த இடம் அது. கி.மு. 7ஆம் நூற்றாண்டில் யோசியா ராஜா அதைத் தீட்டாக்கி நிறுத்தினான்.

1979இல் கேப்ரியல் பார்க்காய் குழு அந்தப் பள்ளத்தாக்கின் மேட்டில் ஒரு கல்லறையைத் தோண்டியது. கிடைத்தவை இரண்டு சின்ன வெள்ளித் தகடுகள், நம்மூர் தாயத்துக்குள் வைப்பது போலவே சுருட்டியவை. வயது சுமார் 2,600 வருடம். பிரித்துப் படித்தால், எண்ணாகமம் 6ஆம் அதிகாரத்தின் ஆசீர்வாதம். இதுவரை கிடைத்த பைபிள் வாசகங்களில் மிகப் பழையது அதுதான்.