வன்னித் தமிழின் முகவரி

உலக மொழிகளைக் கணினித் தரவுகளில் இனங்காண்பதற்கு ஐ.எஸ்.ஓ. 639 என்னும் தரம் பயன்படுகின்றது. 1988ஆம் ஆண்டின் அத்தரப்படி தமிழின் குறியீடு 'டி.ஏ.'. நாட்டுக் குறியீட்டையும் சேர்த்தால் 'டி.ஏ.-எல்.கே.', அதாவது இலங்கைத் தமிழ். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, வன்னி யாவும் அந்த ஒரே பெட்டிக்குள்தான்!

வட்டார வழக்குகளுக்கு இடமில்லாமல் இல்லை. ஆங்கிலத்தின் லிவர்பூல் வழக்கு, இணைய மொழிக்குறிப் பதிவேட்டில் 'ஸ்கௌஸ்' என்ற துணைக் குறியீட்டைப் பெற்றுள்ளது. எவரும் விண்ணப்பிக்கலாம். வன்னி வழக்குக்கு அத்தகைய குறியீடு இல்லை.

ஊர்ப்பெயர் போதாதா? போதாது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் முல்லைத்தீவிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுள் பலர் புத்தளத்தில் தஞ்சமடைந்தனர். அவர்களுள் ஒரு மூதாட்டியின் பேச்சை அங்கு ஒலிப்பதிவு செய்தால், தரவு புத்தளம் என்றே கூறும்; அவர் பேசுவதோ முல்லைத்தீவுத் தமிழ். பதிவுசெய்வோர், பேசுபவர் வளர்ந்த ஊரையும் தனியே குறிக்க வேண்டுமென நாம் கேட்டுக்கொள்கின்றோம்.