மூன்று துவக்குச் சின்னமும் ஒரு தொலைந்த உதிரிப்பாகமும்



துவக்கு என்ற சொல்லைக் கேட்டாலே எங்களில் பலருக்கு நெஞ்சு ஒரு கணம் இறுகும். நாங்கள் வந்த பாதை அப்படி. ஆனால் இன்று நான் பேசப் போவது போர்க்களத் துவக்கைப் பற்றியல்ல. காகித இலக்கில் சிறு ஓட்டை போடுவதற்கென்றே செய்யப்பட்ட, ஏறக்குறைய நூறு வயதான ஒரு றைபிளைப் பற்றியும், அதைத் திருத்தி எடுக்கப் பாடுபட்ட ஒருவரைப் பற்றியும்தான். அந்தக் கதைக்குள் லண்டனின் வரலாறும் இருக்கிறது, சென்னையின் வரலாறும் இருக்கிறது, யாழ்ப்பாணத்தின் நினைவும் கொஞ்சம் இருக்கிறது.

வட லண்டனில் எனக்குத் தெரிந்த ஓர் ஆங்கிலேயப் பெரியவர் இருக்கிறார். கடைசல் இயந்திரத்தில் வாழ்நாள் முழுவதும் வேலை செய்து ஓய்வுபெற்றவர். முறையான அனுமதிப் பத்திரத்தோடு சுடும் கழகம் ஒன்றில் அங்கத்தவர். ஒருநாள் அவருடைய மேசையில் ஒரு பழைய றைபிள் பாகம் பாகமாகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தது. அதன் இரும்பு உடலில் ஒரு சின்னம்: மூன்று துவக்குகளைக் கூம்பாகச் சாத்தி வைத்தது போன்ற படம். எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று யோசித்தேன். பழைய பி.எஸ்.ஏ. சைக்கிளின் முன்பக்கத் தகட்டில்!

ஆம் நேயர்களே, பி.எஸ்.ஏ. என்பதன் விரிவு 'பேர்மிங்ஹாம் சிறு ஆயுதங்கள்' என்பதுதான். சென்னை அம்பத்தூரில் 1949இல் தொடங்கிய ரி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் அந்தப் பெயரில் செய்த சைக்கிள்களை மிதித்த தமிழ்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களில் எத்தனை பேருக்கு அது ஒரு துவக்குக் கம்பனியின் பெயர் என்று தெரிந்திருக்கும்?

கதையைச் சற்றுப் பின்னாலிருந்து தொடங்குவோம். 1850கள் வரை இங்கிலாந்தில் துவக்கு என்பது கைவினைப் பொருள். குழலை ஒருவர் செய்வார், பூட்டை இன்னொருவர் செய்வார், மரக்கட்டையை வேறொருவர் செதுக்குவார். கடைசியில் ஒருவர் அரத்தால் ராவி ராவி எல்லாவற்றையும் பொருத்துவார். ஒரு துவக்கின் திருகாணி பக்கத்துத் துவக்குக்குப் பொருந்தாது.

1851இல் ஹைட் பார்க்கில் நடந்த மாபெரும் கண்காட்சிக்கு, அமெரிக்காவின் வெர்மொன்ற் மாநிலத்து றொபின்ஸ் அன்ட் லோறன்ஸ் கம்பனி ஆறு றைபிள்களைக் கொண்டுவந்தது. ஒன்றின் பாகத்தைக் கழற்றி மற்றதில் மாட்டலாம். பிரித்தானிய அரசு விழித்துக்கொண்டு 1854இல் ஒரு குழுவை அமெரிக்காவுக்கு அனுப்பியது. ஸ்பிறிங்பீல்ட் ஆயுதசாலையில் 1844 முதல் 1853 வரை ஆண்டுக்கு ஒன்றாகப் பத்துத் துவக்குகளை எடுத்து, கழற்றி, பாகங்களைக் கலந்துவிட்டு, திருகாணி முடுக்கி ஒன்றை மட்டும் கொண்டு மறுபடியும் பூட்டச் சொன்னார்கள். பத்தும் பொருந்தின. குழு இயந்திரங்களை வாங்கிக்கொண்டு திரும்பியது. அவை வந்து இறங்கிய இடம் எங்கள் என்பீல்ட். லீ ஆற்றங்கரையில் இருந்த அரச சிறு ஆயுதத் தொழிற்சாலை அந்த இயந்திரங்களோடு புதிதாக எழுந்தது.

இதைக் கண்டு பேர்மிங்ஹாம் துவக்குத் தொழிலாளர்கள் கலங்கினார்கள். இயந்திரம் தங்கள் பிழைப்பைப் பறித்துவிடும் என்ற அச்சம். ஆகவே 1861இல் அவர்களே கூடி, இயந்திர முறையில் துவக்குச் செய்ய ஒரு கம்பனியைத் தொடங்கினார்கள். அதுதான் பி.எஸ்.ஏ. போர் ஓய்ந்த காலங்களில் துவக்குக்குக் கட்டளை கிடைக்காது. எனவே 1880இல் சைக்கிள் பக்கம் திரும்பியது.

இன்னொரு சுவையான செய்தி. 1890களில் என்பீல்ட் தொழிற்சாலைக்கு நுண்ணிய பாகங்கள் செய்து கொடுத்த றெடிச் நகரத்துக் கம்பனி ஒன்று, அந்தப் பெருமையில் தன் சைக்கிளுக்கு 'றோயல் என்பீல்ட்' என்று பெயர் வைத்தது. 'துவக்கைப் போலச் செய்யப்பட்டது' என்பது அதன் விளம்பர வாசகம். 1955இல் அது சென்னைக்கு வந்தது. இங்கிலாந்தில் 1970 அளவில் அந்தத் தொழில் நின்றுபோனது. சென்னையில் 'புல்லட்' நிற்கவேயில்லை.

இனி அந்தச் சிறு றைபிளுக்கு வருவோம். அது சுடுவது 'பொயின்ற் ருவென்ரி ரூ' என்று சொல்லப்படும் மிகச் சிறிய ரவை. பெரிய ரவைகளில் அடிப்பாகத்தின் நடுவில் தீப்பொறி மருந்து இருக்கும். இதிலோ அடிப்பாகத்தின் விளிம்பு மடிப்புக்குள் அந்த மருந்து இருக்கும். ஊசி விளிம்பை நசுக்கினால் வெடிக்கும். பாரிஸ் நகரத்து ஃபுளோபேர் 1840களில் காட்டிய வழி இது. அமெரிக்காவின் ஸ்மித் அன்ட் வெசன் 1857இல் அதை வளர்த்தது. இன்று உலகெங்கும் புழங்கும் நீண்ட வகை 1887இல் வந்தது. இந்தியாவில் என்.சி.சி.யில் இருந்தவர்கள் முதலில் சுட்டுப் பழகியதும் பெரும்பாலும் இந்த அளவு றைபிளில்தான்.

இங்கிலாந்தில் இது பரவியதற்குக் காரணம் தென்னாபிரிக்கப் போர். 1899 முதல் 1902 வரை நடந்த அந்தப் போரில், குறி தவறாத போவர் விவசாயிகளிடம் பிரித்தானியப் படை பட்டபாடு பெரிது. சாதாரண மக்களும் சுடப் பழக வேண்டும் என்று றொபேட்ஸ் பிரபு முழங்கினார். 1901இல் தொழிலாளர் சுடும் கழகங்களுக்கான சங்கம் பிறந்தது. பின்னர் பெயர்கள் மாறி, 1947 முதல் தேசிய சிறுகுழல் றைபிள் சங்கம் என்று நிலைத்தது. பெரிய றைபிளுக்கு நூற்றுக்கணக்கான யார் வெளி வேண்டும். இந்தச் சிறு றைபிளுக்கு 25 யார் மண்டபம் போதும். நகரத்துத் தொழிலாளிக்கு அது கைக்கெட்டியது. 1908 லண்டன் ஒலிம்பிக்கிலும் சிறுகுழல் போட்டிகள் இடம்பெற்றன. நடந்த இடம் சறே மாவட்டத்து பிஸ்லி. இந்தக் கழகங்களுக்காக பி.எஸ்.ஏ. செய்தவற்றில் புகழ்பெற்றது 'மாட்டினி' வகை. கீழே ஒரு நெம்புகோல். அதை இறக்கினால் உள்ளே கட்டை சாய்ந்து வாய் திறக்கும். ஒரு ரவை போட்டு மூடலாம். 1871இல் பிரித்தானியப் படை ஏற்ற பெரிய மாட்டினி–ஹென்றி றைபிளின் சிறிய பேரப்பிள்ளை என்று சொல்லலாம்.

பெரியவரின் மேசையில் கிடந்தது அதுதான். முதல் உலகப் போருக்குச் சற்று முன் வந்த 12ஆம் இலக்க மாதிரி.

அதைத் திருத்துவதில் என்ன சிரமம்? முதலாவது, குழலின் உட்புறம். அந்தக் காலத்து ரவை மருந்து வெடித்தபின் உப்பு போன்ற கசடை விட்டுச் செல்லும். அது ஈரத்தை இழுக்கும், இரும்பு அரிக்கும். அரிக்காத மருந்து 1920களின் பிற்பகுதியில்தான் பரவத் தொடங்கியது. அதற்குமுன் வெந்நீர் ஊற்றிக் கழுவாதவன் றைபிள் பாழ். அரித்த குழலைக் குடைந்து உள்ளே புதுக் குழாய் செருகும் வேலையில் பேர்மிங்ஹாமின் பார்க்கர் கம்பனி பேர்பெற்றது.

இரண்டாவது, திருகாணி. பழைய துவக்குத் திருகாணிகளின் புரி கடையில் விற்கும் புரியோடு ஒத்துவராது. பலவந்தமாகத் திருகினால் நூறு வருட உடல் கெட்டுவிடும். மூன்றாவது, ஆசை. பழைய இரும்பைப் பளபளவென்று தீட்டி நீலம் ஏற்றினால் பார்க்க அழகு. ஆனால் எழுத்துகளும் பரிசோதனை முத்திரைகளும் மழுங்கிவிடும். எங்கே, எப்போது பிறந்தது என்று சொல்லும் சாட்சியே அந்த முத்திரைகள்தான். லண்டனில் அந்த முத்திரை குத்தும் இடம் வைற்சப்பல் கொமர்ஷல் வீதியில் இருக்கிறது. அதை நடத்தும் துவக்குத் தொழிலாளர் சங்கத்துக்கு அரச பட்டயம் கிடைத்தது 1637இல்.

நான்காவது, எல்லாவற்றிலும் கடினமானது, காணாமற்போன பாகம். அவருடைய றைபிளில் பின்பக்கம் மடித்து வைக்கும் குறிபார்க்கும் துளைத்தகடு இல்லை. செய்த கம்பனியிடம் கேட்கலாமா? 1940 நவம்பர் 19இல் ஜேர்மனியர் போட்ட குண்டில் பி.எஸ்.ஏ. தொழிற்சாலையின் ஒரு பகுதி இடிந்து 53 தொழிலாளர் மாண்டனர். போருக்குப் பின் வேறு மாதிரிகள் வந்தன. 1980களில் பழைய கம்பனியின் துவக்கு வேலையும் ஓய்ந்தது. என்பீல்ட் தொழிற்சாலையும் 1988இல் மூடப்பட்டு, இன்று அங்கே குடியிருப்புகள். எந்தப் பாகமும் எந்தத் துவக்குக்கும் பொருந்தும் என்ற வாக்குறுதி, தொழிற்சாலை திறந்திருக்கும் வரைக்கும்தான் செல்லும்.

பெரியவர் ஏலங்களிலும் பிஸ்லியிலும் பழைய இரும்புப் பெட்டிகளிலும் தேடினார். கடைசியில் ஒருவர் முழு றைபிள் ஒன்றையே காட்டினார். மரக்கட்டை வெடித்தது, ஆனால் துளைத்தகடு இருந்தது. "வாங்கிக் கழற்றிக்கொள், மிச்சத்தை எறி" என்றார். பெரியவர் வாங்கவில்லை. "ஒன்றைப் பிழைக்கவைக்க இன்னொன்றைக் கொல்வதா?" என்று என்னிடம் கேட்டார். அந்தத் தகட்டை அளந்து, படம் வரைந்து, தானே கடைந்து செய்தார். கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் செய்த ஆண்டைப் பொறித்தார். நாளைக்கு யாரும் அதை அசல் என்று நம்பி ஏமாறக்கூடாது என்பதற்காக.

அவர் பேசியபோது எனக்கு யாழ்ப்பாணம் ஞாபகம் வந்தது. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, உதிரிப்பாகம் இல்லை. மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். இல்லாத பாகத்தை அரத்தாலும் பொறுமையாலும் உண்டாக்கிய மெக்கானிக்குகள் எங்கள் ஒவ்வோர் ஊரிலும் இருந்தார்கள். அவர்களில் எத்தனை பேருடைய பெயரை நாங்கள் எழுதி வைத்திருக்கிறோம்?

முடிக்குமுன் சட்டம் பற்றி ஒரு வார்த்தை. இந்த நாட்டில் .22 றைபிள் எவ்வளவு பழையதானாலும் 'தொல்பொருள்' என்ற சலுகை அதற்கு இல்லை. பொலிஸ் அனுமதிப் பத்திரம் கட்டாயம். குழல் போன்ற முக்கிய பாகங்களைத் தனியே வைத்திருப்பதற்கும் அப்படியே. வாங்கிய வீட்டின் பரணில் இப்படி ஒன்று கிடைத்தால் கையாளாமல் உடனே பொலிசாருக்கு அறிவியுங்கள்.

உங்கள் வீட்டிலும் பழைய தையல் மெசினோ, ஊரிலிருந்து வந்த மணிக்கூடோ இருக்கலாம். திருத்தும்போது மாற்றியது எது, பழையது எது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி உள்ளே வையுங்கள். பேரப்பிள்ளை ஒருநாள் திறந்து பார்க்கும்போது அது பேசும்.