பருவநிலை மாற்றக் கொள்கைகளும் மக்கள் இசைவும்: ஓர் ஒப்பீட்டு வரலாற்று நோக்கு

முன்னுரை

பருவநிலை மாற்றம் குறித்த உலக நாடுகளின் பொது உடன்படிக்கை 1992ஆம் ஆண்டு ரியோ டி ஜெனிரோ மாநாட்டில் கையெழுத்துக்கு வைக்கப்பட்டது. 1997இல் கியோட்டோவிலும் 2015இல் பாரிசிலும் அது மேலும் விரிவுபெற்றது. அரசுகள் ஒப்பமிடும் இத்தகைய உடன்படிக்கைகள் உள்நாட்டில் சட்டமாகும்போதுதான் மக்கள் கருத்தை எதிர்கொள்கின்றன. அறிவியல் உண்மையை ஏற்கும் மக்கள் அதன் வழிவரும் கொள்கையையும் ஏற்பர் என்பது பொதுவான எண்ணம். வரலாறு இவ்வெண்ணத்தை முழுமையாக உறுதிசெய்யவில்லை. கொள்கையின் சுமை யார்மீது எவ்வாறு விழுகிறது என்பதே மக்கள் இசைவைப் பெரிதும் தீர்மானித்துள்ளது. இதனை ஆஸ்திரேலியா, பிரான்சு, சுவிட்சர்லாந்து, இந்தியா ஆகிய நான்கு நாடுகளின் பட்டறிவு கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆஸ்திரேலியா: ஏறி இறங்கிய ஆதரவு

லோவி ஆய்வு நிறுவனம் 2006இல் நடத்திய கருத்துக்கணிப்பில், செலவு மிகுந்தாலும் புவி வெப்பமடைதலுக்கு எதிராக உடனே செயல்பட வேண்டும் என 68 விழுக்காட்டினர் கூறினர். அது நெடிய வறட்சி நிலவிய காலம். 2007 நவம்பர்த் தேர்தலில் வென்ற கெவின் ரட் அரசு, பதவியேற்றவுடன் கியோட்டோ உடன்படிக்கையை ஏற்றது. ஆயினும் உமிழ்வைக் கட்டுப்படுத்த அவ்வரசு கொணர்ந்த சட்டமுன்வடிவை 2009இல் மேலவை இருமுறை தோற்கடித்தது. உலகப் பொருளாதார நெருக்கடி நேர்ந்து, வறட்சியும் நீங்கிய பின்னர், 2012ஆம் ஆண்டுக் கணிப்பில் மேற்கூறிய ஆதரவு 36 விழுக்காடாகச் சரிந்தது. அவ்வாண்டு சூலை முதல் நாளில் ஜூலியா கில்லார்டு அரசு ஒரு டன் உமிழ்வுக்கு 23 டாலர் விலை விதித்தது. மக்களுக்கு ஈடுசெய்ய வருமானவரி விலக்கு வரம்பு 6,000 டாலரிலிருந்து 18,200 டாலராக உயர்த்தப்பட்டது. எனினும் மின்கட்டண உயர்வையே எதிர்க்கட்சி முன்னிறுத்தியது. 2013 தேர்தலில் வென்ற டோனி அபட் அரசு, 2014இல் அவ்விலையை நீக்கியது. இக்காலத்தில் அறிவியல் சான்றுகள் வலுப்பெற்றனவேயன்றிக் குறையவில்லை என்பது நோக்கத்தக்கது.

பிரான்சு: எரிபொருள் வரியும் எழுச்சியும்

பிரான்சில் 2014இல் டன்னுக்கு 7 யூரோவாகத் தொடங்கிய கரியமில வாயு வரி 2018இல் 44.6 யூரோவை எட்டியது. அடுத்த ஆண்டு அதனை மேலும் உயர்த்தத் திட்டமிடப்பட்டிருந்தது. அதே 2018இல் பெருஞ்செல்வர்கள்மீதான சொத்துவரி, அசையாச் சொத்துகளுக்கு மட்டும் உரியதாகச் சுருக்கப்பட்டது. பொதுப்போக்குவரத்து குறைந்த சிற்றூர்களில் மகிழுந்தை நம்பி வாழ்வோர் இவ்விரண்டையும் இணைத்துப் பார்த்தனர். 2018 நவம்பர் 17 அன்று 'மஞ்சள் அங்கி' இயக்கம் தெருவில் இறங்கியது. ஓட்டுநர் ஒவ்வொருவரும் வண்டியில் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் பணித்த அங்கியே போராட்டத்தின் அடையாளமாயிற்று. திட்டமிட்ட வரி உயர்வை அரசு டிசம்பரில் கைவிட்டது. இங்கு முதன்மையாக எதிர்க்கப்பட்டது சுற்றுச்சூழல் காப்பு அன்று. சுமைப் பங்கீட்டின் நேர்மையின்மையே எனலாம்.

சுவிட்சர்லாந்து: இரு வாக்கெடுப்புகள்

ஒரே நாட்டு மக்கள் ஈராண்டு இடைவெளியில் இருவேறு தீர்ப்பு வழங்கியதைச் சுவிட்சர்லாந்தில் காண்கிறோம். 2021 சூன் 13 அன்று, விமானப் பயணச்சீட்டுக்கும் எரிபொருளுக்கும் கூடுதல் கட்டணம் வகுத்த சட்டத்தை 51.6 விழுக்காட்டினர் நிராகரித்தனர். வசூலில் ஒரு பகுதியை மக்களுக்கே திருப்பியளிக்கும் ஏற்பாடு இருந்தும் அது தோற்றது. 2023 சூன் 18 அன்று, 2050க்குள் நிகர உமிழ்வைச் சுழியமாக்கும் சட்டத்தை 59.1 விழுக்காட்டினர் ஏற்றனர். இரண்டாம் சட்டம் புதிய வரி எதையும் விதிக்கவில்லை. வீடுகளின் பழைய வெப்பமூட்டும் அமைப்புகளை மாற்றப் பத்தாண்டுகளில் 200 கோடி பிராங்கு உதவியளித்தது. 2022இல் பனியாறுகள் பெருமளவு உருகியதும் இம்மாற்றத்திற்குத் துணைபுரிந்திருக்கலாம். ஒவ்வொரு வாக்கெடுப்பிற்கு முன்பும் இரு தரப்பு வாதங்களையும் கொண்ட விளக்கக் கையேடு வாக்காளருக்கு அனுப்பப்படுகிறது. நான்கு தேசிய மொழிகளிலும் அது வெளிவருகிறது.

இந்தியா: ஓசையின்றி வந்த வரி

1972 ஸ்டாக்ஹோம் மாநாட்டில் இந்திரா காந்தி, வறுமை ஒழிப்பையும் சுற்றுச்சூழல் காப்பையும் பிரித்துப் பார்க்கலாகாது என வாதிட்டார். இந்தியாவின் பிற்காலக் கொள்கைக்கு அதுவே அடித்தளமாயிற்று. 2008 சூன் 30 அன்று எட்டுப் பணித்திட்டங்கள் கொண்ட தேசியச் செயல்திட்டம் வெளியிடப்பட்டது. 2021இல் கிளாஸ்கோவில் 2070ஆம் ஆண்டு நிகர சுழிய இலக்காக அறிவிக்கப்பட்டது.

இவற்றினூடே கவனம் பெறாத ஒரு வரலாறு உண்டு. 2010இல் நிலக்கரி டன்னுக்கு 50 ரூபாய் தூய்மை எரிசக்தி மேல்வரி விதிக்கப்பட்டது. 2016க்குள் அது 400 ரூபாயாக, எட்டு மடங்கு உயர்ந்தது. பிரான்சில் நிகழ்ந்தது போன்ற எழுச்சி எதுவும் இங்கு நிகழவில்லை. மின்கட்டணத்துள் மறைந்திருந்த அவ்வரி பொதுமக்கள் கண்ணில் படாதது இதற்கொரு காரணமாகலாம். 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது, அதே 400 ரூபாய் மாநிலங்களின் வருவாய் இழப்பை ஈடுகட்டும் மேல்வரியாக உருமாறியது. தூய்மை எரிசக்திக்கென வந்த பணம் வேறு நோக்கத்திற்குச் சென்றது. 2025 செப்டம்பரில் அம்மேல்வரியும் நீக்கப்பட்டு, நிலக்கரிமீதான பொதுவரி 5 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடானது.

முடிவுரை

மேற்கண்ட நாடுகளின் வரலாற்றிலிருந்து இரு உண்மைகள் பெறப்படுகின்றன. சுமை நேர்மையாகப் பங்கிடப்படவில்லை என மக்கள் கருதினால், நல்ல நோக்கமுடைய கொள்கையும் நிலைப்பதில்லை என்பது ஒன்று. மக்களைக் கேளாமல் வரும் கொள்கைக்கு எதிர்ப்பு இல்லாதது போலவே, அது திசைமாறும்போது காப்பாரும் இல்லை என்பது மற்றொன்று. எதிர்ப்பின்மை வேறு, இசைவு வேறு. இசைவு விவாதத்தில் பிறப்பது. விவாதம் மக்கள் மொழியில் நிகழ்வது. சுவிட்சர்லாந்து தன் வாக்காளர்க்கு அவரவர் மொழியில் இரு தரப்பையும் எடுத்துரைப்பது போல, பருவநிலை மாற்றத்தின் இழப்பையும் செலவையும் இந்திய மொழிகளில் தெளிவுற எடுத்துரைக்கும் பணி மொழித்துறையினருக்கும் உரியதே.