முள் பூஜ்யத்தில் நின்றால்…



போன வாரம் வழக்கமான பிபி பரிசோதனைக்குப் போயிருந்தேன். எங்கள் டாக்டர் இன்னும் அந்தப் பழைய பாதரசக் கருவியைத்தான் வைத்திருக்கிறார். பேட்டரியில் ஓடும் பெட்டியின் மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை. கையில் துணியைச் சுற்றிக் காற்றடித்தபோது கண்ணாடிக் குழாயில் பாதரசம் ஏறியது. "நூற்று நாற்பது சார், உப்பைக் குறையுங்க" என்றார். நான் உப்பை நினைக்கவில்லை, அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஆலைகளில் பிரஷர் கேஜ் மாட்டி, கழற்றி, சரிபார்த்தவனுக்கு வேறு என்ன தோன்றும்? இந்தப் பதிவு அந்தக் கேஜின் கதை. கடைசியில் என் கதையும் கொஞ்சம் வரும்.

அழுத்தத்தை அளக்க மனிதன் முதலில் பிடித்துக்கொண்டது பாதரசத்தைத்தான். இத்தாலியில் டாரிசெல்லி, ஒரு பக்கம் மூடிய கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பிக் கிண்ணத்தில் கவிழ்த்தால் அது சுமார் 760 மில்லிமீட்டர் உயரத்தில் நின்றுவிடுகிறது என்பதை 1644-ல் ஒரு கடிதத்தில் விளக்கினார். நாம் காற்றுக் கடலின் அடியில் வாழ்கிறோம், அந்தக் காற்றின் எடைதான் பாதரசத்தைத் தாங்குகிறது என்றார். 1648-ல் பாஸ்கல் தன் மைத்துனரை அதே மாதிரிக் குழாயோடு பிரான்ஸில் ஒரு மலை உச்சிக்கு அனுப்பினார். மேலே போனதும் பாதரசம் இறங்கியது. இன்று அழுத்தத்தின் அலகுக்குப் பாஸ்கலின் பெயர். ஆனால் டாக்டர் சொன்ன நூற்று நாற்பது டாரிசெல்லியின் மில்லிமீட்டர் கணக்கு.

காற்றுக்கும் ரத்தத்துக்கும் பாதரசம் போதும். நீராவிக்குப் போதவில்லை.

ஜேம்ஸ் வாட் காலத்து இன்ஜின்கள் வெளிக்காற்றை விடக் கொஞ்சமே அதிக அழுத்தத்தில் ஓடின. வாட்டுக்கு உயர் அழுத்தம் என்றாலே ஆகாது. 1800-ல் அவருடைய காப்புரிமை முடிந்த பிறகு, ரிச்சர்ட் டிரெவிதிக் உயர் அழுத்த நீராவியைத் துணிந்து கையில் எடுத்தார். 1803-ல் லண்டனுக்குப் பக்கத்தில் கிரீனிச்சில் அவருடைய இன்ஜின் ஒன்றின் பாய்லர் வெடித்து நான்கு பேர் இறந்தார்கள். இன்ஜினைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பையன் விலாங்கு மீன் பிடிக்கப் போய்விட்டான். பொறுப்பில் நின்ற கூலியாள், இன்ஜின் வேகமாக ஓடுகிறதே என்று நிறுத்தினார். ஆனால் சேஃப்டி வால்வின் நெம்புகோல் அழுத்திக் கட்டப்பட்டிருந்தது, அதை விடுவிக்கவில்லை. நீராவி போக வழியில்லாமல் போயிற்று. அதற்குப் பிறகு டிரெவிதிக் தன் பாய்லர்களில் இரண்டு சேஃப்டி வால்வுகளும், தண்ணீர் குறைந்தால் உருகி வழிவிடும் ஈய அடைப்பும் வைக்க ஆரம்பித்தார்.

வால்வு இருந்தது சரி, அழுத்தம் எவ்வளவு என்று பார்ப்பது எப்படி? கணக்குப் போட்டுப் பாருங்கள். சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ என்றால் பாதரசம் சுமார் 735 மில்லிமீட்டர். நான் வேலை பார்த்த பாய்லர் 10.5 கிலோவில் ஓடியது. அதற்குப் பாதரசக் குழாய் வைத்தால் 7.7 மீட்டர் வேண்டும். இரண்டு மாடி உயரத்துக்குக் கண்ணாடி! ரயில் இன்ஜினில் அதை எங்கே நிறுத்துவது?

இதற்கு விடை பாரிஸில் ஒரு பட்டறையில் கிடைத்தது. யூஜீன் போர்டன் என்ற இன்ஜினியர் சுருள் குழாய் ஒன்று நசுங்கிப்போனதால் அதை நிமிர்த்த உள்ளே அழுத்தம் கொடுத்தார் என்று சொல்வார்கள். நசுங்கிய குழாய் உப்ப உப்ப, சுருளும் பிரிய ஆரம்பித்தது. நம்மில் பலர் "சரி, வேலை முடிந்தது" என்று போயிருப்போம். அவர் அதைக் கருவியாக்கி 1849-ல் காப்புரிமை வாங்கினார்.

கேஜைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். உள்ளே கேள்விக்குறி மாதிரி வளைந்த தட்டைக் குழாய் இருக்கும். ஒரு முனை அழுத்தம் வரும் பக்கம், மறுமுனை மூடியிருக்கும். அழுத்தம் ஏறினால் தட்டைக் குழாய் உருண்டையாகப் பார்க்கும், அப்போது வளைவு கொஞ்சம் நிமிரும். முனை நகர்வது சில மில்லிமீட்டர்தான். பல் சக்கரம் அதைப் பெருக்கி முள்ளை முக்கால் வட்டம் சுற்றவைக்கும். பேட்டரி கிடையாது, மின்சாரம் கிடையாது. அதே காலத்தில் ஜெர்மனியின் மக்டபர்க் நகரில் ஷேஃபர் என்பவர் தகட்டை வைத்து அளக்கும் கேஜைக் கொண்டுவந்தார். திரவமில்லாத பாரமானியை 1844-லேயே செய்திருந்த வீடி, போர்டன் தன் யோசனையை எடுத்துக்கொண்டார் என்று வழக்குப் போட்டுப் பல வருஷம் இழுத்தார். வழக்கு ஒரு பக்கம் இருக்க, 1851-ல் லண்டன் மாபெரும் கண்காட்சியில் போர்டன் கேஜுக்குப் பதக்கம் கிடைத்தது. சில வருஷங்களில் அது அமெரிக்காவுக்கும் போயிற்று.

கேஜ் வந்ததால் வெடிப்பு நின்றுவிட்டதா? இல்லை. 1865-ல் மிசிசிப்பி ஆற்றில் சுல்தானா என்ற நீராவிக் கப்பலின் பாய்லர்கள் வெடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 1905-ல் மாசசூசெட்ஸ் மாநிலம் பிராக்டன் நகரில் ஒரு ஷூ தொழிற்சாலை பாய்லர் வெடித்து 58 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் அந்த மாநிலம் பாய்லர் விதிகளை இயற்றியது. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் பாய்லர் விதித் தொகுப்பு 1915-ல் வெளிவந்தது. நம் நாட்டிலும் அதே கதைதான். 1863-ல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்தது, 1864-ல் வங்காளத்தில் பாய்லர் சோதனைக்குச் சட்டம் வந்தது. நாடு முழுவதற்கும் இந்திய பாய்லர் சட்டம் 1923-ல், விரிவான ஒழுங்குமுறைகள் 1950-ல்.

பாய்லர் இன்ஸ்பெக்டர் வரும் நாளில் எங்கள் ஆலை கல்யாண வீடு மாதிரி இருக்கும். அவர் தன் சொந்த கேஜைக் கொண்டுவருவார். அதை மாட்டத் தனி இணைப்பு பாய்லரில் இருக்க வேண்டும் என்பது விதி. ஆரம்பத்தில் எனக்கு அது அவமானமாக இருந்தது. "நம்ம கேஜை நம்பமாட்டாரா?" என்று ஃபோர்மேனிடம் கேட்டேன். "தம்பி, கேஜைப் பார்த்து வளர்ந்தவன் கேஜை நம்பமாட்டான்" என்றார். அது எனக்குப் புரிய ஏழெட்டு வருஷம் ஆயிற்று.

கேஜ் மாட்டும் முறைகள் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. நீராவிக்கு மாட்டும்போது நடுவில் பன்றிவால் மாதிரி வளைந்த சைஃபன் குழாய் ஏன்? அதில் தண்ணீர் தங்கி நின்று நீராவியின் சூடு போர்டன் குழாயைத் தொடாமல் காக்கும். தொட்டால் பற்றவைத்த இணைப்புகள் இளகிவிடும். அதனால்தான் புது சைஃபனில் முதலில் தண்ணீர் ஊற்றிவிட்டு வால்வைத் திறக்கச் சொல்வது. பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று பாய்லர் இணைப்புக்கு 5 மீட்டர் கீழே கேஜை வைத்தால், குழாயில் நிற்கும் தண்ணீரின் எடையால் கேஜ் அரை கிலோ கூடக் காட்டும். அந்த அரை கிலோவைக் கழிக்கத் தெரியாவிட்டால் கேஜைக் குறை சொல்லிப் பயனில்லை.

வழக்கமாக ஓடும் அழுத்தம் டயலில் முக்கால் பாகத்தைத் தாண்டக் கூடாது. பம்ப் மாதிரி ஏறி இறங்கும் இடத்தில் மூன்றில் இரண்டு பாகம். அதற்கு மேல் போனால் உலோகம் களைத்துப்போகும். அம்மோனியா செம்பையும் பித்தளையையும் அரிக்கும், அதனால் ஐஸ் ஃபேக்டரிகளில் எஃகுக் குழாய் உள்ள கேஜ்தான். அசிட்டிலினோடு செம்பு சேர்ந்தால் வெடிக்கும் பொருள் உண்டாகும். ஆக்ஸிஜன் கேஜில் எண்ணெய் கூடாது என்று டயலிலேயே எழுதியிருக்கும். அழுத்தமான ஆக்ஸிஜனில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் பற்றிக்கொள்ளும். நாங்கள் சரிபார்க்கும் டெட் வெயிட் டெஸ்டர் எண்ணெயில் ஓடுவது. ஆகவே ஆக்ஸிஜன் கேஜை அதில் போடவே மாட்டோம், அதற்குத் தனி ஏற்பாடு. எரிவாயுவுக்கும் அதிக அழுத்தத்துக்கும் முன்பக்கம் கெட்டித் தகடும் பின்பக்கம் பிய்த்துக்கொண்டு போகும் மூடியும் உள்ள கேஜ் வரும். உள்ளே குழாய் வெடித்தால் வேகம் பின்னால் போகும், பார்ப்பவர் முகத்தில் அடிக்காது. அந்த மூடியைச் சுவரோடு ஒட்டி மாட்டினால் அத்தனையும் வீண்.

கழற்றும்போது கேஜின் தலையைப் பிடித்துத் திருகாதே, கீழே சதுரமாக இருக்கும் இடத்தில் ஸ்பேனர் போடு என்பதும் அப்படித்தான். தலையைத் திருகினால் உள்ளே பல் சக்கரம் இடம் மாறும், முள் பொய் சொல்ல ஆரம்பிக்கும்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். அப்படியிருந்தும் நடந்ததைத்தான் இப்போது சொல்ல வேண்டும். ஆலையின் பெயர் வேண்டாம், தப்பு என்னுடையது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பராமரிப்புக்காக ஒரு நீராவி ஹெடரை நிறுத்தியிருந்தார்கள். மெயின் வால்வை மூடியாயிற்று என்று ஷிஃப்டில் எழுதியிருந்தது. கேஜ் பூஜ்யம் காட்டியது. கேஜுக்கு அடியில் இருக்கும் காக்கின் ஓட்டையைத் திறந்தேன், எதுவும் வரவில்லை. கேஜைக் கழற்றினோம், ஒன்றும் ஆகவில்லை. சைஃபனும் துருப்பிடித்திருந்தது, அதையும் எடுத்துச் சுத்தம் செய்யலாம் என்றேன். ஹெல்பர் என்னைப் பார்த்தார். "பிரஷர் இல்லைல்ல சார்?" "ஜீரோதான், கழட்டுங்க" என்றேன்.

மெயின் வால்வு சரியாக மூடவில்லை, உள்ளே கசிந்துகொண்டிருந்தது. ஹெடர் ஆறியபோது சைஃபனின் அடி வளைவில் துருவும் உப்பும் இறுகி அடைத்துவிட்டது. அடைப்புக்கு மேலே பூஜ்யம், கீழே அழுத்தம். காக்கின் ஓட்டையும் அடைப்புக்கு மேலேதான். யூனியன் இளகியதும் கொதிநீரும் ஆவியும் அவருடைய வலது முன்னங்கையில் அடித்தது.

ஹெடரின் ட்ரெயின் வால்வைத் திறந்து பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும். அது கீழே பள்ளத்தில், பத்துப் படி இறங்க வேண்டும். நான் இறங்கவில்லை.

விசாரணையில் வால்வு கசிவு என்று எழுதி முடித்தார்கள். என் பெயர் எதிலும் வரவில்லை. அவர் இரண்டு மாதம் கழித்து வேலைக்கு வந்தார். முழுக்கைச் சட்டையில் வந்தார், அதன் பிறகு எப்போதும் முழுக்கைச் சட்டைதான். பிறகு ஒரு நாள் அவரிடம், "அன்னிக்கு நான் ட்ரெயினைப் பார்த்திருக்கணும்" என்று சொல்லிவிட்டேன். "தெரியும் சார்" என்றார். அவ்வளவுதான். இன்றும் தீபாவளிக்குப் போன் செய்வார்.

அன்றுதான் ஃபோர்மேன் சொன்னது புரிந்தது. முள் பூஜ்யத்தில் நின்றால் குழாயில் அழுத்தம் இல்லை என்று பொருளல்ல. முள்ளுக்கு அழுத்தம் வந்து சேரவில்லை என்று மட்டும்தான் பொருள். இன்ஸ்பெக்டர் தன் சொந்த கேஜோடு வருவதும் அதனால்தான்.

இதைப் படிப்பவர்களில் ஆலை வேலைக்குப் போகிற பிள்ளைகள் இருந்தால் ஒரு கிழவன் சொல்வதைக் கேளுங்கள். கழற்றும் முன் இணைப்பின் அடி வால்வை நீங்களே மூடுங்கள், மூடிப் பூட்டுப் போடுங்கள். ட்ரெயினைத் திறந்து கண்ணால் பாருங்கள். அதுவும் அடைத்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு, யூனியனை ஒரு இழைதான் இளக்குங்கள், முகத்தையும் கையையும் நேருக்கு நேர் வைக்காமல் ஒதுங்கி நில்லுங்கள். சீறினால் திரும்ப இறுக்கலாம். முழுதாகக் கழற்றிய பிறகு எதுவும் செய்ய முடியாது.

பத்துப் படிதான். இறங்கிப் பாருங்கள்.