நிறம் பிரித்த மாணவர் சங்கங்கள்

பேனா பிடிப்பவன் மேலோன், கருவி பிடிப்பவன் கீழோன் என்னும் எண்ணம் நம் சமூகத்தில் இன்னும் மாண்டபாடில்லை. பேனா பிடித்தே வயிறு வளர்க்கும் தோட்டக் கிராணியாகிய நாமும் அவ்வெண்ணத்திலே வளர்ந்தவரே. ஆதலின், தொழில் பயிலும் மாணாக்கர் தமக்கெனச் சங்கம் கண்ட அமெரிக்க வரலாற்றை நேயர்கள் முன் வைக்க விரும்புகிறோம். அவ்வரலாற்றிலும் ஒரு கறை உண்டு.

1917-ல் அந்நாட்டுச் சர்க்கார் ஸ்மித்-ஹியூஸ் சட்டத்தை இயற்றி, பள்ளிகளில் விவசாயம், கைத்தொழில், மனையியல் ஆகியவற்றைப் போதிக்கப் பொருளுதவி அளித்தது. விவசாயம் கற்ற பையன்கள் 1928-ல் கான்சாஸ் நகரில் கூடி, ‘அமெரிக்க வருங்கால விவசாயிகள்’ என்னும் சங்கத்தை நிறுவினர். 18 மாகாணங்களிலிருந்து அன்று வந்தோர் 33 பேரே. அவர்கள் பயின்றது ஏரோட்டம் மட்டுமன்று. ஒவ்வொரு மாணாக்கனும் சொந்தமாக ஒரு பயிரையோ கன்றையோ வளர்த்து, அதன் வரவு செலவைத் தன் கையாலேயே கணக்கெழுத வேண்டும். கூட்டத்தில் பிரேரணை கொணர்வது, ஆமோதிப்பது, எதிர்த்துப் பேசுவது, வாக்கெடுப்பது ஆகியவற்றிலும் பழக்கம் தரப்பட்டது. கணக்கும் எழுதி, கூட்டமும் நடத்தத் தெரிந்த உழவனை எந்த வியாபாரியும் எளிதில் ஏய்க்க முடியாதென்பது நமது கருத்து.

ஆனால் தென் மாகாணங்களில் வெள்ளையர் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, கறுப்பர் பிள்ளைகளுக்கு வேறு பள்ளி. பள்ளி பிரிந்த இடத்தில் சங்கமும் பிரிந்தது. 1927-ல் வர்ஜீனியாவில் கறுப்பின மாணாக்கருக்கெனத் தோன்றிய சங்கம் பிற மாகாணங்களிலும் பரவி, 1935-ல் அலபாமாவிலுள்ள டஸ்கீகியில் ‘அமெரிக்கப் புதிய விவசாயிகள்’ என்னும் தேசிய ஸ்தாபனமாயிற்று. அடிமையாய்ப் பிறந்து ஆசானாய் உயர்ந்த புக்கர் வாஷிங்டன் கைத்தொழிற் கல்வியை வளர்த்த ஊர் அதுவே. வெள்ளையர் சங்கத்துக்கு நீல மேலங்கி, இவர்களுக்குக் கறுப்பு. இவர்களுக்கெனத் தனித் தலைவர், தனி மகாநாடு, பேச்சுப் போட்டி, நால்வர் கூடிப் பாடும் போட்டிகூட இருந்தன. ஒதுக்கப்பட்ட இடத்திலும் அவர்கள் ஒரு வீட்டையே கட்டிக்கொண்டார்கள்.

1964-ல் சிவில் உரிமைச் சட்டம் நிறைவேறியது. மறு ஆண்டே இரு சங்கங்களும் இணைந்தன. இணைந்தன என்றுதான் ஏடுகள் கூறும். 50,000-க்கு மேற்பட்ட அங்கத்தினரைக் கொண்ட கறுப்பர் சங்கத்தின் பெயரும் சின்னமும் கறுப்பு அங்கியும் மறைந்தன. மற்றதன் பெயரும் நீல அங்கியும் நிலைத்தன. நிறபேதம் ஒழிய வேண்டியதே; அதில் நமக்கு ஐயமில்லை. கதவு திறந்தவர்கள் வீட்டில் பங்கு கொடுத்தார்களா என்பதே நமது கேள்வி. பெண்களுக்கோ 1969 வரை அக்கதவும் திறக்கவில்லை! உழவில் பாதி வேலை பெண்கள் செய்வதை அம்மகாநாட்டுப் பிரதிநிதிகள் கண்டதில்லை போலும்.

தச்சு, இயந்திரம், மின்சாரம் முதலிய தொழில் பயில்வோருக்கென மற்றொரு தேசியச் சங்கம் அதே 1965-ல் நாஷ்வில் நகரில் தோன்றிற்று. ‘ஸ்கில்ஸ் யூ.எஸ்.ஏ.’ என்று இன்று வழங்கும் அச்சங்கம், கைத்திறன் போட்டிகளுக்குப் பேர்போனது. அதைப் பிறிதொரு சமயம் எழுதுவோம்.

விவசாய மாணாக்கர் சங்கத்துக்குக் கறுப்பினத்தவர் ஒருவர் முதன்முதலாகத் தேசியத் தலைவரானது 1994-ல். கோரி பிளோர்னாய் என்னும் அவ்விளைஞர், சிகாகோ நகரத்து விவசாயப் பள்ளியில் படித்தவர். இணைப்பு நடந்து அப்போது 29 ஆண்டுகள் கழிந்திருந்தன.