தேற்றாங்கொட்டை தெளிவித்த நீர்



பினாங்கு டத்தோ கிராமாட் சாலையில் குழாயைத் திறந்தால் தெளிந்த நீர் கொட்டுகிறது. அத்தீவுக்கு நீர் சேர்த்து வைக்கும் ஆயர் ஈத்தாம் அணைக்கட்டு 1962-இல் கட்டி முடிக்கப்பட்டது. அணையும் குழாயும் இல்லாத காலத்தில், கலங்கிய நீரை நம் முன்னோர் எவ்வாறு குடித்தார்கள்?

தமிழகத்தில் புதுவெள்ளம் வந்தால் ஆற்று நீர் செந்நிறமாகிவிடும். அப்போது மண்பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்த்து, நீரை ஊற்றி வைப்பார்கள். சேறு அடியில் தங்கி, மேல்நீர் தெளியும். தேற்றுதல் என்றால் தெளியச் செய்தல். மரத்தின் பெயரே அதன் வேலையைச் சொல்கிறது. கலங்கியிருந்த ஒரு பெண்ணின் மனம் தெளிந்ததற்குக் கலித்தொகைப் புலவர் இந்த நீரையே உவமை கூறியிருக்கிறார். அவ்வளவு பழைய வழக்கம் இது.

சூடான் நாட்டுப் பெண்கள் நைல் நதி நீருக்கு முருங்கை விதையை இடித்துப் போட்டார்கள். நம் லயத்து வேலியோரம் நிற்கும் அதே முருங்கைதான்! சாமியா அல் அசாரியா யான் என்ற பெண் விஞ்ஞானி 1970-களில் அதை ஆராய்ந்து உலகறியச் செய்தார்.

நீரில் மிதக்கும் நுண்துகள்கள் எதிர்மின்னேற்றம் உடையவை. ஒன்றையொன்று தள்ளுவதால் படிவதில்லை. முருங்கை விதையின் புரதமோ நேர்மின்னேற்றம் உடையது. அது துகள்களைச் சேர்த்துத் திரளாக்கும்; திரள் கனத்து அடியில் விழும். ஆனால் தெளிந்த நீரெல்லாம் தூய நீர் அல்ல. வயிற்றுப்போக்கால் பிள்ளைகள் பள்ளிக்கு வராத நாட்களை ஆசிரியர்களாகிய நாங்கள் கண்டிருக்கிறோம். தெளிந்தாலும் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும், தாய்மார்களே.

சேற்றைப் போலவே மிதப்பது நுண்பாசி. குளம் பச்சையாவது பெரும்பாலும் அதனால்தான். குளோரெல்லா போன்ற வகைகளில் எண்ணெயும் புரதமும் உண்டு. வளர்ப்பது எளிது, அறுவடைதான் கடினம். வேகமாகச் சுழலும் எந்திரத்தில் பிரித்தால் மின்சாரச் செலவு கட்டுபடியாகாது. அதுவும் எதிர்மின்னேற்றம் உடையதுதான். ஆகவே பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தார் தாவரச் செல்லுலோசை மீநுண் ஊசிகளாக்கிப் பயன்படுத்தினார்கள். ஓர் ஊசியின் தடிப்பு மில்லிமீட்டரில் ஏறத்தாழ லட்சத்தில் ஒரு பங்கு! கரியமில வாயுவை ஊதினால் ஊசிகள் நேர்மின்னேற்றம் பெற்றுப் பாசியைத் திரட்டும். வாயுவை நீக்கினால் ஊசிகள் அந்த மின்னேற்றத்தை இழக்கும். இந்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது.

செல்லுலோசுக்கு எங்கே போவது? பழம் உதிர்த்தபின் ஆலை முற்றத்தில் மலைபோல் குவிகிறதே செம்பனை வெறுங்குலை, அதில் அது நிறைய இருக்கிறது. அதிலிருந்து மீநுண் செல்லுலோசை மலேசிய ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தும் இருக்கிறார்கள்.