விடுப்புக்குள் ஒரு சிகிச்சை: பாறசாலை எல்லையும் கருமுட்டையின் பயணமும்

மலிவான குழந்தைப்பேற்று மருத்துவம் தேடி நாடு கடப்போரைப் பற்றிய ஆய்வுகள் நெடுங்காலம் வளநாட்டுத் தம்பதியரையே மையப்படுத்தின. துபாயில் களஆய்வு செய்து 2015-இல் நூல் வெளியிட்ட மானிடவியலாளர் மார்சியா இன்ஹார்ன், அங்குள்ள மருத்துவமனைக்கு வந்த இந்தியரையும் கணக்கில் எடுத்தார். கேரள–தமிழக எல்லையிலுள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்திலிருந்து பார்த்தால் பயணத்தின் திசையே மாறிவிடுகிறது. வளைகுடாவில் வேலை செய்பவருக்குக் கட்டணம் குறைந்த இடம் சொந்த ஊர்தான். சட்டமும் அவரை இந்தப் பக்கமே தள்ளியது: தானமாகப் பெறும் கருமுட்டையை ஐக்கிய அரபு அமீரகத்தின் 2008-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருந்தது.

ஆனால் கட்டணத்தை மட்டும் வைத்து மலிவு என்று சொல்லிவிட முடியாது. சினைப்பையைத் தூண்டும் ஊசி 10 முதல் 12 நாள். இறுதி ஊசிக்குப் பின் சுமார் 36 மணி நேரத்தில் முட்டை சேகரிப்பு. 3 முதல் 5 நாளில் கரு மாற்றம். ரத்தப் பரிசோதனைக்கு மேலும் இரண்டு வாரம். ஒரு மாத லீவு இதிலேயே தீர்ந்துபோகும். மாதவிடாய்ச் சுழற்சிக்கு விமானச் சீட்டின் தேதி தெரியாது. விந்தணுவை மைனஸ் 196 டிகிரியில் உறையவைத்துவிட்டுக் கணவர் கப்பலோ விமானமோ ஏறலாம். ஊசியும் காத்திருப்பும் மனைவிக்கு. டிக்கெட்டும் சம்பளமில்லா விடுப்பும் எந்த மருத்துவமனை ரசீதிலும் ஏறுவதில்லை.

ஊருக்கு வந்தவர் முன் இன்னொரு எல்லையும் உண்டு. 1956 நவம்பர் 1-இல், மாநில மறுசீரமைப்பில், அண்டை வட்டமான விளவங்கோடு சென்னை மாநிலத்துக்குப் போனது; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. சிகிச்சைக்குச் செல்வோர்க்கு இந்த மாநில எல்லைக்கோடு பெரிய தடையில்லை. ஆயுஷ்மான் பாரத் காப்பீடு குழந்தைப்பேற்றுச் சிகிச்சையைப் பொதுவாக விலக்கியே வைத்திருக்கிறது. திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. மருத்துவமனை போன்ற அரசு மையம் நீங்கலாக, பெரும்பாலும் கைக்காசுதான். கைக்காசு கொடுப்பவரை எல்லை ஊரான களியக்காவிளைக்கு இப்பாலா அப்பாலா என்று யாரும் கேட்பதில்லை.

அதே கோடு கண்காணிப்பை மட்டும் துண்டாக்குகிறது என்பதே என் வாதம். 2022-இல் வெளிவந்த ஈரோடு வழக்கில், 16 வயதுச் சிறுமியின் கருமுட்டைகள் போலி ஆதார் அட்டையின் துணையோடு பலமுறை எடுக்கப்பட்டது தெரிந்தது. தமிழக அரசின் விசாரணை திருவனந்தபுரம், திருப்பதி மருத்துவமனைகள் வரை நீண்டது. நோயாளியின் பயணத்தை எழுதும் ஆய்வுலகம் இந்தச் சிறுமியின் பயணத்தை எந்தத் தலைப்பில் வைக்கும்?

2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் உள்ள இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டப்படி, 23 முதல் 35 வயதுக்குட்பட்ட பெண் வாழ்நாளில் ஒருமுறைதான் முட்டை தரலாம். ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக்கூடாது. தேசியப் பதிவேடும் உண்டு. ஆயினும் அனுமதியும் ஆய்வும் அந்தந்த மாநில அதிகாரிகளின் கையில். கொடையாளரின் ஆதார் எண்ணைப் பெறச் சட்டம் சொல்கிறது. ஈரோட்டில் போலியாக்கப்பட்டதோ அந்த அட்டையேதான். எண்ணை எழுதி வாங்குவதோடு நிற்காமல், விரல்ரேகையைச் சரிபார்த்து, எந்த மாநிலத்தில் முட்டை எடுத்திருந்தாலும் பதிவேட்டில் தெரிந்த பிறகே முதல் ஊசி என்று விதி அமைய வேண்டும்.